செடியைக் கொடுங்கள், மண்ணைக் கொடுக்காதீர்கள்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செடி கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறது. இதில் காசு பணம் கிடையாது. உன்னிடம் இருப்பதில் ஒரு கிளை எனக்கு, என்னிடம் இருப்பதில் ஒரு பிடி விதை உனக்கு, அவ்வளவுதான். பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கைப் பற்றி விவசாயப் பக்கத்தில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த மாடிகளில் செடி வளர்ப்பவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது துணிப்பையோடு ஒரு செடியும் ஏறுகிறது. அது ஊருக்கு வந்து கொல்லையில் நடப்படுகிறது. கொல்லைக்கு அடுத்தது வயல்.

இந்தப் பரிமாற்றத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் துறையில் இருப்பவர்களில் சிலர் குறை சொல்கிறார்கள். சான்று பெற்ற நர்சரியிலும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலும் தவிர வேறெங்கும் செடி வாங்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. அன்பாகக் கொடுத்த செடியில் என்ன கெடுதல் வந்துவிடும் என்பார்கள் அவர்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால் இந்த வழக்கத்தால் சிறு விவசாயிக்கு நன்மையே மிகுதி. பிரித்துப் பார்க்காவிட்டால் ஒரு தொட்டிச் செடி ஒரு வட்டாரத்தின் வெள்ளாமையையே பதம் பார்த்துவிடும்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீட்டு மாடியிலோ, பூங்காவின் ஒரு மூலையிலோ கூடுகிறார்கள். சாக்கையோ பழைய துணியையோ விரித்துச் செடிகளை வைக்கிறார்கள். தூதுவளை, பிரண்டை, ஓமவல்லி, வெற்றிலைக் கொடி, மணத்தக்காளி, சங்குப்பூ, நித்தியமல்லி, கறிவேப்பிலைக் கன்று, ஒன்றிரண்டு வாழைக் கன்று, அரைக் காகித உறையில் கீரை விதை. முன்பு மயிலாப்பூர் வீடுகளில் கிணற்றடி இருந்தது, கிணற்றடியில் வாழை இருந்தது, வாழையடியில் சேம்பு இருந்தது. சுவருக்கு மேல் கை நீட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்த வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. தியாகராய நகரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த ஊரே 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியை வற்றச் செய்து, அந்த ஏரித் தரையில் எழுந்தது. ஏரியும் போய்க் கொல்லையும் போன பிறகு மிஞ்சியது மொட்டை மாடி. மண்ணை மறக்க முடியாதவர்கள் அங்கே தொட்டி வைக்கிறார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கை மாறாவிட்டால் அழியும்

சில பயிர்களுக்கு வேறு வழியே கிடையாது. டெல்லி கனகாம்பரம் என்று நாம் சொல்லும் ஆரஞ்சு நிறப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அது மும்மடியச் செடி. விதை பிடிக்காது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொரு டெல்லி கனகாம்பரச் செடியும் யாரோ ஒருவர் கிள்ளிக் கொடுத்த தண்டிலிருந்து வந்தது. குண்டுமல்லியும் அப்படியே. மதுரை மல்லிக்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் நடுவதற்கான பதியன் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. அந்த மணற்பாங்கான மண்ணில் வேர்விட்ட நாற்றுதான் மாவட்டம் மாவட்டமாகப் போகிறது.

முருங்கையைப் பாருங்கள். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டு 1989ல் வெளிவந்த பி.கே.எம். 1 விதை மூலம் பயிராகும் செடி முருங்கை. அது வந்த பிறகு வணிகச் சாகுபடியின் முகமே மாறிவிட்டது. ஆயினும் நம் வீடுகளில் நிற்கும் மர முருங்கைகளில் யாழ்ப்பாணம் என்றும் சாவகச்சேரி என்றும் இரண்டு இரகங்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களே கதையைச் சொல்கின்றன. மூன்றடி நீளப் போத்துகளாகக் கடல் தாண்டி, கைக்குக் கை மாறி வந்த மரங்கள் அவை. எந்தத் துறையும் அவற்றைத் திட்டம் போட்டுப் பரப்பவில்லை.

உள்ளூர் கத்தரி, மிளகாய், அவரை இரகங்களின் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. ஒரு இரகம் ஒரே வீட்டில் மட்டும் இருந்தால் அது ஒரு மழையிலோ, ஒரு வறட்சியிலோ, அல்லது அந்த வீட்டுப் பாட்டி காலமானதும் விதைப் பானையைக் கழுவிவிடுவதிலோ போய்விடும். பத்து வீட்டில் இருந்தால் பிழைக்கும். அந்தப் பத்து வீடுகளும் வேறு வேறு ஊர்களில் இருந்தால் இன்னும் நல்லது. 2023ல் வேலூர் முள் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்று பெயரைக் காக்கும். விதையைக் காப்பது ஆண்டுதோறும் விதைப்பவர்கள்தான்.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனை நம் வாசகர்கள் அறிவார்கள். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் வைத்த ஏற்பாடு எளிமையானது. பாரம்பரிய நெல் விதை 2 கிலோ இலவசமாகத் தருவார். வாங்கியவர் அதைச் சாகுபடி செய்து மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இரண்டு பேருக்குப் போகும். நூற்றுக்கும் மேற்பட்ட நெல் இரகங்கள் இந்த வழியில் வயலுக்குத் திரும்பின. இந்த ஏற்பாட்டின் அருமை இலவசத்தில் இல்லை என்பேன். திருப்பித் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் இருக்கிறது. திருப்பித் தர வேண்டுமானால் பயிரிட்டாக வேண்டும், கலப்பில்லாமல் விதை எடுத்தாக வேண்டும். சென்னைப் பரிமாற்றங்களில் நான் காணாத ஒன்று இதுதான். வாங்கிப் போகிறார்கள், செடி பட்டுப் போகிறது, அடுத்த மாதம் வேறு செடிக்கு வருகிறார்கள். கொடுத்த இரகம் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

விதையைக் கொடுத்து வாங்கினால் சட்டம் பிடிக்குமோ என்று சில விவசாயிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில், விவசாயி தன் விளைச்சலை விதை உட்பட வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்யப்பட்ட இரகமானாலும் இந்த உரிமை உண்டு. ஒன்றே ஒன்று, அப்படிப்பட்ட இரகத்தை வணிகப் பெயரும் முத்திரையும் இட்ட பையில் அடைத்து விற்கக் கூடாது. 2019ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டு, நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது விவசாயிகள் தரப்பில் எடுத்துக் காட்டியதும் இதே பிரிவைத்தான்.

செடியோடு கூட வருவது

இனி மறுபக்கம். சைதாப்பேட்டை, தியாகராய நகரை ஒட்டிய ஊர். எங்கள் பல்கலைக்கழகத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. 1868ல் அங்கே ஏற்பட்ட வேளாண் பள்ளி 1906ல் கோயம்புத்தூருக்குப் போய், 1971ல் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கும் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1780களின் இறுதியில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், நுங்கம்பாக்கத்தில் ஒரு தோட்டமும் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமும் போட்டார். செடி கொடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. பட்டு வளர்ப்பைப் பரப்புவதற்காக மல்பெரிக் குச்சிகளைச் சென்னை மாகாணமெங்கும் அனுப்பினார். கள்ளித் தோட்டம் எதற்கென்றால், கள்ளியில் வாழும் ஒரு செதிள் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற கணக்கு. 1795ல் கப்பலில் வங்காளத்தில் வந்திறங்கிய பூச்சி நல்ல சாயம் தரும் இனம் அல்ல. சாயத் தொழில் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் நாட்டில் தங்கி ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அது தொடாத வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்மாவட்டங்களில் புஞ்சையையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டது. 1926ல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற இன்னொரு செதிள் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே சில ஆண்டுகளில் அந்தக் காடு அழிந்தது. ஒரு செடியையும் ஒரு பூச்சியையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோனால் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நம் பக்கத்தில் தேட வேண்டியதில்லை.

புதிய சான்றுகள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று ஏறியது. இரண்டு ஆண்டுகள் விவசாயிகள் மருந்தடித்து மருந்தடித்துக் கை சலித்தார்கள். 2010ல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவியை வரவழைத்தது. பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டங்களுக்குக் கொடுத்த பின்னரே நிலைமை அடங்கியது.

மரவள்ளியில் இதே கதை மீண்டும் நடந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் நடவுக் கரணையோடு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கான மக்களின் உணவையே அச்சுறுத்தியது. 1981ல் பராகுவேயில் அதன் எதிரிக் குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே பூச்சி 2020ல் கேரளத்தில் திருச்சூரில் தலைகாட்டியது. அடுத்து சேலம், நாமக்கல் மரவள்ளி வயல்கள். குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கினார்கள். கரணையைப் பூச்சி பார்த்துக் கொடுத்து வாங்கியிருந்தால் இதன் ஓட்டம் எவ்வளவோ மெதுவாக இருந்திருக்கும்.

வாழையில் முடிக்கொத்து நோயைச் சொல்லாமல் விட முடியாது. கீழ்ப் பழனி மலையின் விருப்பாட்சி வாழை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது! அந்தத் தோட்டங்களைச் சீரழித்ததில் இந்த வைரஸ் நோய்க்குப் பெரும் பங்கு. அசுவினி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோவது கன்று கொடுக்கும் கைதான். கன்றில் நோய் இருப்பது பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மண்ணில் வருவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. 1961ல் நீலகிரியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணில் அதன் முட்டைக்கூடு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. மாடித் தொட்டியில் அந்தப் புழு இராது. ஆனால் தக்காளி, கத்தரி, வெண்டை, கனகாம்பரம் ஆகியவற்றின் வேரைத் தாக்கும் நூற்புழுக்கள் தாராளமாக இருக்கும். தொட்டிக்கு மண் எங்கிருந்து வந்தது என்று நகரத்தில் யாருக்கும் தெரியாது. லாரிக்காரர் கொட்டினார், நிரப்பினார்கள். அந்த மண் நம் வயலுக்கு வர வேண்டிய அவசியம் என்ன?

"நாட்டு" என்ற பெயர்

அடையாற்றில் ஒரு மாடியில் நடந்த பரிமாற்றத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். வயதான அம்மாள் ஒருவர் அழகான ஊதாக் கத்தரி நாற்று பத்துப் பன்னிரண்டு கொண்டுவந்திருந்தார்.

"இது என்ன கத்தரி மாமி?" என்று கேட்டேன்.

"நாட்டுக் கத்தரி."

"எந்த ஊர் விதை?"

"யாரோ குடுத்தா. நாட்டு விதைன்னு சொன்னா. ஏன், நன்னாத்தான் காய்க்கறது."

காய்க்கத்தான் காய்க்கும். ஆனால் ஊர்ப் பெயர் உதிர்ந்துவிட்டால் அந்த விதையில் பாதி போய்விட்டது என்பது என் எண்ணம். எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு, எத்தனை நாளுக்கு என்ற விவரமெல்லாம் அந்தப் பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது விதை உறைமேல் "நாட்டு" என்று எழுதினால் போதும் என்றாகிவிட்டது. நாட்டுத் தக்காளி, நாட்டுச் சுரை, நாட்டுப் பாகல். இது ஒரு இரகத்தின் பெயரே அல்ல. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு இரகப் பழத்தைப் பிழிந்து எடுத்த விதைகூட இரண்டாம் கையில் "நாட்டு" ஆகிவிடுகிறது. அதை நம்பி ஒரு விவசாயி கால் ஏக்கர் நட்டால் ஒரு செடி குட்டை, ஒரு செடி நெட்டை, காய் ஒன்றுக்கொன்று ஒவ்வாது. வீரிய ஒட்டு விதையில் பிறந்த செடியின் விதை தாயைப் போல் வராது என்பதை நீங்கள் அறிவீர்கள். நகரத்தில் பலருக்கு இது தெரியாது, சொல்வதும் நம் கடமை.

ஆகவே விதை கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரகத்தின் பெயர், ஊர், எடுத்த மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உறைக்குள் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை.

எந்த விதையை நம்பலாம் என்று கேட்பீர்கள். தக்காளி, தட்டைப்பயறு, அவரை, கொத்தவரை இவையெல்லாம் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை. இரகம் சுத்தமாக இருந்தால் நான்கு தொட்டிக்கு நடுவே எடுத்த விதையும் சுத்தமாக இருக்கும். கத்தரி, மிளகாய், வெண்டையில் ஓரளவு கலப்பு நேரும். ஒரு மாடியில் நான்கு வகைக் கத்தரி வைத்திருப்பவரிடம் விதை வாங்காதீர்கள், ஒரே வகை வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். சுரை, பூசணி, பீர்க்கு, பாகல், புடலில் கதை வேறு. தேனீயும் வண்டும் நாலு தெரு தாண்டி மகரந்தம் கொண்டுவரும். இவற்றில் விதை எடுக்க வேண்டுமானால், மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டையும் அதே இரகத்தின் ஆண் மொட்டையும் முன்கூட்டியே காகிதப் பையால் மூட வேண்டும். மலர்ந்ததும் அந்த ஆண் பூவால் பெண் பூவைத் தொட்டு, மீண்டும் மூடி, காம்பில் ஒரு நூல் கட்டிவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும் என்பதை மறக்க வேண்டாம். கசக்கும் சுரைக்காயிலிருந்து விதை எடுக்கவே கூடாது. அதைச் சமைக்கவும் கூடாது, அது நஞ்சு.

குச்சியாகக் கொடுப்பவற்றுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். வேரும் மண்ணும் இல்லாமல் கொடுங்கள். தூதுவளை, ஓமவல்லி, வெற்றிலை, மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி எல்லாவற்றையும் தண்டாக வெட்டி, கணுக்களையும் இலையின் அடிப்புறத்தையும் பார்த்து, தண்ணீரில் கழுவி, ஈரத் துணியில் சுற்றி அனுப்பலாம். கணுவில் பஞ்சு போல் வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினாலும் சந்தேகப்படுங்கள், எறும்பு அதன் தேன் கழிவுக்காகத்தான் வருகிறது. அப்படிப்பட்ட செடியிலிருந்து யாருக்கும் கிளை கொடுக்க வேண்டாம். வேரோடு கொடுத்தே ஆக வேண்டுமானால் தொட்டி மண்ணை உதறி, வேரைக் கழுவி, முடிச்சு இல்லை என்று பார்த்து, மட்கிய தென்னை நார்க்கழிவில் சுற்றிக் கொடுங்கள்.

கறிவேப்பிலைக் கன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு மரங்களில் பசுமை நோயைப் பரப்பும் சைலிட் என்ற சிறு சாறு உறிஞ்சும் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் குடியிருக்கும். சென்னை வீடுகளில் எலுமிச்சைத் தொட்டியும் கறிவேப்பிலைத் தொட்டியும் அருகருகேதான் நிற்கின்றன. எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர்கள் வெளியூர்க் கறிவேப்பிலைக் கன்றைத் தோப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். எலுமிச்சைக் கன்றையும் ஒட்டுக் குச்சியையும் தெரிந்த நாற்றங்காலில் தவிர வேறெங்கும் வாங்க வேண்டாம். வாழைக் கன்று, மரவள்ளிக் கரணை, கரும்புக் கரணை ஆகிய மூன்றையும் அன்பளிப்பாக ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாய்த் தோட்டத்தை நேரில் பார்த்து, நோயில்லை என்று கண்டு, பிறகே வாங்க வேண்டும். உறவு கெடும் என்பார்கள். முடிக்கொத்து வந்தால் கெடுவது அதைவிடப் பெரிது.

நர்சரியில் வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பல ஊர்ச் செடிகளை ஓரிடத்தில் குவித்து வைக்கும் இடம் நர்சரி. பூச்சிக்கு அதைவிட வசதியான சந்தை ஏது? எங்கிருந்து வந்தாலும் புதுச் செடியை 30 நாள் தனியாக, வயலுக்கும் கொல்லைக்கும் எட்டி, கிணற்று மேட்டிலோ வாசலிலோ வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாதத்தில் பூச்சி முட்டை பொரித்து வெளியே தெரியும். தெரிந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்புறம் நனைய வாரம் ஒரு முறை தெளியுங்கள். இரண்டு மூன்று தடவைக்கும் அடங்காவிட்டால் பிடுங்கி எரித்துவிடுவதே நல்லது.

கொடுப்பதற்கும் ஒரு கணக்கு

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பானது. செங்கற்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து விவசாயிகளைத் தேடி நகரத்து நண்பர்கள் வருகிறார்கள். கீரை விதை கேட்கிறார்கள், கிழங்கு கேட்கிறார்கள், இரகங்களைப் படம் பிடிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பரிமாற்றம் என்ற பேச்சில் விவசாயி கொடுப்பவராகவும் நகரத்தவர் வாங்குபவராகவுமே இருந்துவிடுகிறார். மாடித்தோட்டக்காரருக்கு விதை கைப்பிடியளவு போதும். அவர் வருமானம் வேறெங்கோ இருக்கிறது. விவசாயிக்கு விதை என்பது அடுத்த போகம். ஆகவே ஒரு பிடியை மனமாரக் கொடுங்கள். ஒரு படி கேட்டால் விலை சொல்லுங்கள். விதைக்காகத் தனியே விட்ட செடியில் நீங்கள் காய் பறிக்கவில்லை, தண்ணீர் கட்டினீர்கள், காயவைத்தீர்கள், புடைத்தீர்கள். அதற்குக் கூலி உண்டு. விற்பதற்கும் சட்டம் இடம் தருகிறது என்று மேலே சொன்னேன்.

ஒரு பிடி கொடுக்கும்போதும் ஜெயராமன் வைத்த நிபந்தனையை வையுங்கள். அடுத்த தை மாதம் இரு மடங்காக வர வேண்டும், பெயர் எழுதி வர வேண்டும். அப்படித் திருப்பித் தரும் பத்துப் பேர் சென்னையில் கிடைத்துவிட்டால், உங்கள் ஊரில் ஏரி உடைந்து வயல் போன ஆண்டிலும் உங்கள் விதை மயிலாப்பூரில் ஒரு மொட்டை மாடியில் பத்திரமாக இருக்கும். வங்கியில் போட்ட மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் தரைத்தளம் மூழ்கியபோது மாடித் தொட்டிகளுக்கு வெள்ளம் எட்டவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பொங்கலுக்கு வரப்போகும் பிள்ளைக்குப் புறப்படுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தொட்டியோடு செடி வேண்டாம், விதையோ கழுவிய குச்சியோ போதும் என்று. போனமுறை வந்த தொட்டிச் செடி ஏற்கெனவே கொல்லையில் நிற்கிறதென்றால், அதன் வேரை ஒரு பக்கமாகத் தோண்டிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு தென்பட்டால் அருகில் தக்காளி, கத்தரி, வெண்டை நட வேண்டாம். அந்த இடத்தில் ஒரு போகம் துலுக்கச்சாமந்தி போடலாம். சிறிதளவு வேரையும், வேரைச் சுற்றிய ஈர மண் கால் கிலோவையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல், மறுநாளே உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ந்த மண்ணில் புழு இருந்தாலும் சோதனையில் சரியாகத் தெரியாது.